முற்றம் வைத்த வீடுகள்: மத்தியதரைக் கடல் முதல் விழுப்புரம் வரை



அண்மைக் காலமாக விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதிய மனைப்பிரிவுகள் பெருகி வருவதை நாம் அனைவரும் அறிவோம். அங்கே எழும் வீடுகள் சிலவற்றில் ஒரு புதுவகை முகப்பைக் காணலாம். வாசலில் இரண்டு மூன்று வளைவுகள், வெள்ளை அல்லது சந்தன நிறச் சுவர், உருண்டைத் தூண்கள், நெற்றியில் சிவப்பு ஓடு பதித்த ஒரு சிறு சரிவு. கட்டித் தருபவரைக் கேட்டால், “இது மெடிட்டரேனியன் ஸ்டைல்” என்று கூறுவார். வெளிநாடு சென்று உழைத்துப் பொருளீட்டி வரும் நம் சகோதரர்கள் பலருக்கும் இவ்வமைப்பின் மீது ஒரு விருப்பம் உண்டு.

விருப்பத்தில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வீடு கட்டுபவர், அது கண்ணுக்கு அழகாக இருக்கவேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஆயினும் மத்தியதரைக் கடலோர மக்கள் அப்படி ஏன் கட்டினார்கள், வெப்ப நாடுகளெங்கும் அந்த வீடு ஏன் இத்தனை நூற்றாண்டுகளாக விரும்பப்படுகிறது என்ற வரலாற்றை அறிந்தால் ஓர் உண்மை புலப்படும். அந்த வீட்டின் சிறப்பு அதன் முகப்பில் இல்லை. நடுவில் இருந்த திறந்த முற்றத்திலும், கனத்த சுவரிலும், சுண்ணாம்பிலுமே இருந்தது. அம்மூன்றும் நம் பாட்டனார்களின் வீடுகளிலும் இருந்தன. அவற்றை இடித்துவிட்டு, வெறும் முகப்பை மட்டும் விலை கொடுத்து வாங்கிக் கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

கடலைச் சுற்றிய நாடுகளின் வீடு

மத்தியதரைக் கடலின் வடகரையில் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கம் முதலிய நாடுகளும், தென்கரையில் எகிப்து, துனீசியா, மொரோக்கோ முதலிய நாடுகளும், கீழ்க்கரையில் ஷாம் தேசமும் உள்ளன. மதமும் மொழியும் ஆட்சியும் வேறுபட்டபோதும், இந்நாடுகளின் வீடுகளில் ஓர் ஒற்றுமை நிலவியது. கோடையில் மழையற்ற கடும் வெயில் அனைவருக்கும் பொதுவாக இருந்ததே அதற்குக் காரணமாகும்.

இத்தாலியின் பொம்பெயி நகரம் கி.பி. 79ஆம் ஆண்டில் எரிமலைச் சாம்பலில் புதையுண்டது. பிற்காலத்தில் அதனைத் தோண்டி எடுத்தபோது, ரோமானியரின் வீடுகள் ஏறக்குறைய அப்படியே கிடைத்தன. அவ்வீடுகளின் நடுவில் ஏட்ரியம் எனப்படும் கூடம் ஒன்று இருக்கும். அதன் கூரையின் நடுவே வானம் தெரியும். நாற்புறத்து ஓடுகளும் உட்புறமாகச் சரிந்து, மழைநீரை நடுவிலுள்ள ஆழமற்ற தொட்டியில் சேர்க்கும். அங்கிருந்து அந்நீர் நிலத்தடிக் கிணற்றுத் தொட்டிக்குச் செல்லும். இதனைப் படிக்கும்போது நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு நினைவுக்கு வராமல் போகாது.

இதனால் ரோமானியரிடமிருந்தே நாம் முற்றத்தைக் கற்றோம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் நடைபெற்ற அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த சாடிகளும் மட்கலங்களும் கிடைத்தன. பொருள்கள் வந்தன என்பதற்கு அது சான்று. வீட்டமைப்போ அதனினும் பழமையானது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஈராக்கின் ஊர் நகரத்திலும், அதற்கும் முந்திய மொகஞ்சதாரோவிலும் முற்றம் வைத்த வீடுகள் இருந்துள்ளன. வெயிலே ஆசானாக இருந்து அந்தந்த மக்களுக்குத் தனித்தனியாகக் கற்றுக்கொடுத்த பாடம் இது எனலாம்.

அரபு மக்கள் இவ்வமைப்பைப் பேணி வளர்த்தனர். மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியும் அதனை ஒட்டிய அறைகளும் எளிமையின் இலக்கணமாகும். சுடாத செங்கல்லால் ஆன சுவர், ஈச்சமரத் தூண்கள், ஈச்ச ஓலைக் கூரை, நடுவில் திறந்த வெளி. துனீசியாவிலும் மொரோக்கோவிலும் எழுந்த நகரங்களில் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டி, முற்றத்துக்கு முகத்தைக் காட்டி நின்றன. தெருப்புறம் வெறுஞ்சுவர், உள்ளே நீரூற்றும் எலுமிச்சை மரமும். துனிஸ் நகர வீடுகளில் ஸகீஃபா என்னும் நடை நேராகச் செல்லாமல் திரும்பிச் செல்லும். தலைவாசல் திறந்திருந்தாலும் வீட்டுப் பெண்கள் தெருவிலிருப்போர் கண்ணில் படமாட்டார்கள். அவர்கள் தம் வீட்டுக்குள்ளேயே வெளிச்சத்தையும் காற்றையும் வானத்தையும் பெற்றிருந்தனர்.

கி.பி. 711இல் முஸ்லிம்கள் ஸ்பெயினில் கால் வைத்தனர். 1492இல் கிரானடா அவர்கள் கையை விட்டுப் போயிற்று. இடைப்பட்ட சுமார் எண்ணூறு ஆண்டுகளில், ரோமானியரின் முற்றமும் அரபியரின் முற்றமும் அந்த மண்ணில் ஒன்றாகக் கலந்தன. 14ஆம் நூற்றாண்டில் கிரானடாவின் அல்ஹம்ரா அரண்மனையில் சுல்தான் ஐந்தாம் முஹம்மது அமைத்த சிங்க முற்றம் இக்கலையின் உச்சமாகும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் குர்துபா நகரில் இன்றும் மக்கள் முற்றத்தில் பூந்தொட்டிகள் வைத்துப் போற்றுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் அந்த முற்றத் திருவிழாவை யுனெஸ்கோ 2012இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

முகப்பு மட்டும் பிரிந்த கதை

ஸ்பெயின் நாட்டவர் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்றபோது, தம் வீட்டையும் உடன் கொண்டு சென்றனர். மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் மண் கல்லால் ஆன கனத்த சுவர்களும் முற்றங்களும் எழுந்தன. அந்த மண் கல்லுக்கு ஆங்கிலத்தில் அடோபி என்று பெயர். அரபியில் செங்கல்லைக் குறிக்கும் ‘அத்தூப்’ என்னும் சொல்லே ஸ்பானிய மொழி வழியாக அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் கண்ட உண்மை. சொல் பயணம் செய்த வழியிலேயே தொழிலும் பயணம் செய்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பழைய வீடுகள் அமெரிக்காவில் திடீரென்று நாகரிகமாயின. 1915இல் சான் டியேகோ நகரில் நடந்த பொருட்காட்சியின் கட்டடங்கள் ஸ்பானிய முறையில் எழுந்து புகழ் பெற்றன. 1925இல் நிலநடுக்கத்தால் சேதமடைந்த சாண்டா பார்பரா நகரம் அதே முறையில் மீண்டும் கட்டப்பட்டது. அதே காலத்தில் புளோரிடா மாநிலத்திலும் செல்வர்கள் இவ்வகை மாளிகைகளை எழுப்பினர். தொடக்கத்தில் முற்றமும் தாழ்வாரமும் அவ்வீடுகளில் இருந்தன. பின்னர் மின்விசிறியும் குளிர்சாதனமும் வந்தன. வெப்பத்தைத் தணிக்கும் பொறுப்பை இயந்திரம் ஏற்றுக்கொண்டதால், முற்றம் தேவையற்றதாகக் கருதப்பட்டது. வளைவும் சிவப்பு ஓடும் மட்டும் அலங்காரமாக எஞ்சின. உலகெங்கும் விற்பனையாகும் ‘மெடிட்டரேனியன் ஸ்டைல்’ என்பதில் பெரும்பகுதி இப்படி உயிர் பிரிந்த உடலேயாகும்.

நம் அருகிலேயே ஒரு மத்தியதரை நகரம்

இப்பாணியை நேரில் காண நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி இருக்கிறது. 1674இல் பிரெஞ்சுக்காரர் அங்கே குடியேறினர். 1693இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி, நேர்த் தெருக்களுக்கான வரைபடம் வகுத்தனர். 1699இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1761இல் ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கியபின், மறுபடியும் எழுப்பப்பட்டது.

கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் தம் நாட்டு முறையில் கட்டினர். உயர்ந்த மதிலும், வளைவு வைத்த பெரிய வாயிலும், உள்ளே தோட்டமும், உயரமான கூரையும், சாய்பலகைச் சன்னல்களும் அவ்வீடுகளின் அடையாளங்கள். கால்வாய்க்கு மேற்கே தமிழர் தம் முறையில் கட்டினர். தெருவை நோக்கிய திண்ணை, மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், உள்ளே முற்றம். தென்மேற்கே முல்லா வீதி, காஜியார் வீதி முதலிய தெருக்களில் முஸ்லிம் மக்கள் வாழ்ந்தனர். நாளடைவில் இரு முறைகளும் கலந்தன. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில், கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் முறையிலும், மேல்தளம் வெள்ளைத் தூண்களோடு பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைக் காணலாம்.

இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளுக்கும் சுண்ணாம்பு அரைத்தவர்களும், செங்கல் அடுக்கியவர்களும், உத்திரம் ஏற்றியவர்களும் இம்மண்ணின் கொத்தனார்களும் தச்சர்களுமே ஆவர். வெளிநாட்டு முகப்புக்குப் பின்னால் உள்நாட்டு அறிவு நின்று வேலை செய்தது. அதனால்தான் அவ்வீடுகள் இந்த வெயிலையும் மழையையும் தாங்கி நின்றன. 2000களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு புதுச்சேரி வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டது. இன்று அத்தகைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகியுள்ளன. நாம் நம் ஊரில் இடித்துத் தள்ளும் அதே திண்ணையிலும் முற்றத்திலும் ஓர் இரவு தங்குவதற்கு வெளியூரார் பணம் கொடுக்கின்றனர்.

நம் வீடு வேலை செய்த விதம்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வசதியுள்ளோர் வீடுகள் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருந்தன. தெருத் திண்ணை, நடை, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்னால் சமையற்கட்டு, அதற்கப்பால் கிணறும் தோட்டமும். உருது பேசும் நம் குடும்பங்களில் முற்றத்தை ‘ஆங்கன்’ என்பர். பெயர் வேறு, பொருள் ஒன்றே.

இரவில் முற்றத்தின் தரையும் சுவரும் திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தை வெளியிட்டுக் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது முற்றத்துக்குள் இறங்கி, தாழ்வாரம் வழியாக அறைகளில் பரவுகிறது. பகலில் வெப்பமான காற்று இலேசாகி, முற்றத்தின் வழியே மேலேறி வெளியேறுகிறது. அது வெளியேறும் இடத்தை நிரப்ப, நடை வழியாகவும் தோட்டத்துப் பக்கமாகவும் புதுக்காற்று நுழைகிறது. ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கற்சுவர், பகல் வெப்பம் உள்ளே வந்து சேர்வதைப் பல மணி நேரம் தாமதிக்கச் செய்கிறது. இவையனைத்தும் ஒரு காசு மின்கட்டணம் இல்லாமல் நடைபெறும் வேலைகள்.

கூரையும் சிந்தித்தே அமைக்கப்பட்டது. ‘மெத்தை வீடு’ என்று நம் முதியவர்கள் கூறும் வீட்டில், தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்தனர். பூச்சுச் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்தனர். மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றினர். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியிடும்; வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். ஏனைய வீடுகளில் நாட்டு ஓடு வேய்ந்தனர். அரைவட்டமான அந்த நாட்டு ஓடும், மத்தியதரைக் கடலோரச் சிவப்பு ஓடும் வடிவத்தில் ஒன்றுக்கொன்று உறவுடையவை. ஓட்டின் இடுக்குகள் வழியாகக் கூரைக்கடியில் தங்கும் வெப்பம் வெளியேறும். கான்கிரீட் சரிவின்மேல் ஒட்டப்படும் இன்றைய அலங்கார ஓட்டில் அந்த இடுக்கும் இல்லை. அந்தப் பயனும் இல்லை.

எனினும், மத்தியதரைக் கடல் நாடும் நம் நாடும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. அங்கே கோடை வறண்டது. மழை குளிர்காலத்தில் பெய்யும். இங்கே காற்றில் ஈரம் மிகுதி. ஆகவே சன்னலுக்கு எதிரே சன்னல் வைத்துக் காற்றை ஓடச் செய்வது அங்கிருப்பதைவிட இங்கே அவசியம். துனிஸ் நகரத்தில் சூரியன் ஒருபோதும் நேர் உச்சிக்கு வருவதில்லை. விழுப்புரத்திலோ ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் நடுப்பகல் வெயில் செங்குத்தாகக் கூரைமீது விழுகிறது. ஆகவே நம் வீட்டின் முதல் எதிரி சுவரில் படும் வெயிலன்று. கூரையில் படும் வெயிலே. மழையும் அங்கே போன்றதன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய மழையில் சுவரைக் காப்பது நீண்ட தாழ்வாரமே தவிர, அலங்கார வளைவன்று.

முற்றம் மறைந்தது எவ்வாறு?

1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணத்தால் நம் மக்களில் பலர் புது வீடு கட்டினர். தேக்கு விலை உயர்ந்தது. சிமெண்டும் கம்பியும் எளிதாகக் கிடைத்தன. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் குறைந்தனர். கான்கிரீட் கூரை முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. ஓட்டு வீடு ஒழுகும், பல்லியும் தேளும் விழும் என்ற குறையும் பொய்யன்று. ஆகவே முன்னோர் வீட்டை இடித்தவர்களைக் குறை சொல்லுதல் நியாயமாகாது.

ஆனால் முற்றத்தை அழித்ததில் சிமெண்டைவிடப் பெரிய பங்கு பாகப்பிரிவினைக்கு உண்டு. தந்தை மறைந்தபின் மக்கள் வீட்டைப் பங்கிடும்போது, அறைகளை எண்ணிப் பிரிக்கலாம். முற்றத்தை யார் பங்கில் வைப்பது? அது எவருக்கும் தனியாக உரியதன்று. அனைவருக்கும் காற்று தருவது. எனவே நடுவில் ஒரு சுவர் எழும்பும். ஈராண்டில் இருபுறமும் கூரை போடப்படும். சுவர் எழுந்த அன்றே இரு வீடுகளும் இருண்டுவிடும். அத்தகைய வீடுகளில், பகலிலும் விளக்கு எரியும் அறைகளில், நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும்போது காண்பது இதுவே.

இதற்கு மார்க்கச் சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. வாரிசுகளில் ஒருவர் மற்றவர்களின் முழு மனச்சம்மதத்தோடு, தம் பங்குக்கு ஈடான தொகையைப் பெற்றுக்கொண்டு விலகும் ‘தகாருஜ்’ முறையை ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. வீட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு மதிப்பைப் பணமாகவோ மனையாகவோ கொடுக்கலாம். பெண் மக்களின் பங்கு இதில் ஒரு சல்லியும் குறையக் கூடாது என்பதை வலியுறுத்துவது கடமையாகும். பழைய வீடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகச் சகோதரியின் உரிமை பறிக்கப்படுமானால், அந்த முற்றத்தில் பரக்கத் இராது.

எகிப்திலிருந்து நம் மாவட்டம் வரை வந்த வளைவு

பழைய அறிவைப் புதிய காலத்தில் பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீயின் வாழ்க்கை விடையாகும். 1900இல் பிறந்து 1989இல் மறைந்த இவர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்பும் மரமும் கிடைக்காத நிலையில், ஏழைகள் எப்படி வீடு கட்டுவது என்று சிந்தித்தார். அஸ்வான் பகுதியின் நூபியக் கொத்தனார்கள், மரச்சாரம் எதுவுமின்றி வெறும் மண் கல்லால் வளைவுக் கூரை எழுப்புவதைக் கண்டார். அந்த முறையில் லக்சர் அருகே புதிய குர்னா என்னும் கிராமத்தை 1940களில் கட்டத் தொடங்கினார். பள்ளிவாசல், சந்தை, முற்றம் வைத்த வீடுகள், காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் ‘மல்கஃப்’ ஆகியவை அதில் அமைந்தன. அவருக்கு 1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழுவின் தலைவர் விருது வழங்கப்பட்டது.

ஆயினும் குர்னா மக்கள் பலர் அங்கே குடியேற மறுத்தனர். தம் பழைய ஊரையும் பிழைப்பையும் விட்டு வர அவர்களுக்கு மனமில்லை. குவிமாடம் என்பது அவர்கள் கண்ணுக்குக் கப்றுகளின் மேல் எழுப்பப்படுவதாகத் தோன்றியதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. எவ்வளவு நல்ல அமைப்பாயினும், வாழப் போகும் மக்களின் மனத்தையும் வழக்கத்தையும் கேட்டறியாமல் திணித்தால் நிலைக்காது என்பது அதில் உள்ள படிப்பினை. இது வெளிநாட்டு முகப்பை விரும்புவோருக்கும் பொருந்தும். பழைய முறையே சிறந்தது என்று வாதிடுவோருக்கும் பொருந்தும்.

ஹஸன் ஃபத்ஹீ போற்றிய அந்த நூபிய வளைவு நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. 1968இல் தோன்றிய ஆரோவில், பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் உள்ளது. 1989இல் அங்கு நிறுவப்பட்ட மண் கட்டடக் கழகம், நூபிய முறையைத் தழுவி, சாரமில்லாமல் வளைவுக் கூரை அமைப்பதைக் கற்பித்து வருகிறது. அவ்வூர்ச் செம்மண்ணோடு சுமார் ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமலே கற்கள் செய்யப்படுகின்றன. அத்தகைய கற்களால் வளைவுகளோடு எழுந்த ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு, 1992இல் ஹஸன் ஃபத்ஹீயின் பெயரால் அமைந்த ‘ஏழைகளுக்கான கட்டடக் கலை’ விருது கிடைத்தது. நைல் நதிக்கரை அறிவும் வானூர் மண்ணும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதை, விரும்புவோர் அரை நாள் பயணத்தில் கண்டு வரலாம்.

இனிக் கட்டுவோர் கவனிக்க வேண்டியவை

நம் ஜமாஅத்தில் பெரும்பாலோர் இருபதுக்கு அறுபது அடி மனையில் கட்டுபவர்கள். அதில் முற்றத்துக்கு இடமேது என்று கேட்பது நியாயமே. கொசுவும் திருட்டும் மழைச்சாரலும் அஞ்சத்தக்கவையே. எனவே இயன்றதை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, வீட்டின் நடுவில் ஆறுக்கு எட்டு அடி அளவில் ஒரு திறப்பு. மொத்தம் 1200 சதுர அடியில் அது 48 சதுர அடி. அதாவது நூற்றில் நான்கு பங்கு. மேலே இரும்புக் கம்பியும் வலையும் இட்டால் திருடனும் வரான், கொசுவும் குறையும். மழை வராதிருக்கக் கண்ணாடிக் கூரை போடுவோர், பக்கவாட்டில் ஓரடி காற்று வெளியேற இடம் விடவேண்டும். காற்றுப் போக வழியின்றி மூடினால் அதுவே வெப்பக் கூண்டாகிவிடும்.

இரண்டாவது, மொட்டை மாடி. கான்கிரீட் போட்டு அப்படியே விட்டுவிடாமல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிக்கலாம். அதற்கு வசதியில்லாதோர் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வேறுபாடு தெரியும். முகப்பில் ஒட்டும் அலங்கார ஓட்டின் செலவைக் கூரைக்கு மாற்றுவதே அறிவுடைமை.

மூன்றாவது, மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வேண்டாம். இடமிருந்தால் ஒரு வேம்போ புங்கமோ வைக்கலாம். நான்காவது, மழைநீர். ரோமானியரின் தொட்டியும் நம் முற்றமும் செய்த வேலையைத்தான் 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சட்டத்துக்காக ஒரு குழாயை மண்ணில் நட்டு வைக்காமல், உண்மையாகவே நீர் இறங்கும்படி செய்வோமாக.

ஐந்தாவது, பழைய வீடு வைத்திருப்போர் இடிக்கும் முன் ஒரு கோடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, எந்த வீட்டு முதியவர்கள் உறங்கினார்கள், எந்த வீட்டுக் குழந்தைகள் அழுதன என்பது நம் நினைவில் இருக்கும். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் அதைக் கட்டிய ஆண் அல்லர். பஜ்ரு முதல் இஷா வரை அடுப்படியிலும் அறையிலும் இருப்பவர்கள் தாய்மாரும் மனைவியரும் படுக்கையில் கிடக்கும் முதியோருமே. வரைபடத்தில் கையெழுத்திடும் முன் அவர்களைக் கேட்பது அவசியம். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் சென்றுவர ‘முடுக்கு’ என்னும் சந்துகளை ஒதுக்கி வைத்த முன்னோர், ஊரை வகுக்கும்போதே பெண்களை எண்ணிப் பார்த்தனர்.

பள்ளிவாசலின் முற்றம்

நிறைவாக, நிர்வாகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். செஞ்சிக் கோட்டையில் நவாப் சஆதத்துல்லாகானின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் 1717-18இல் கட்டப்பட்டது. அக்கோட்டையின் கல்யாண மகாலில், திறந்த சதுர முற்றத்தைச் சுற்றி வளைவு வைத்த அறைகளும் நடுவில் அடுக்குக் கோபுரமும் நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற பன்னிரண்டு கோட்டைகளுள் செஞ்சியும் ஒன்று. திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்று காணக்கூடிய இடத்தில், வெயிலுக்கேற்பக் கட்டிய அறிவு கண்முன் நிற்கிறது.

நம் பள்ளிவாசல்களோ, பல ஊர்களில் எதிர்த்திசையில் செல்கின்றன. தொழுகையாளர் பெருகியதால் திறந்த ஸஹன் மீது கான்கிரீட்டோ தகரமோ போடப்படுகிறது. ஹவ்ளு மூடப்பட்டுக் குழாய்கள் வைக்கப்படுகின்றன. பிறகு உள்ளே வெப்பம் தாங்காமல் குளிர்சாதனம் பொருத்துகிறோம். இம்மலரின் வரவு செலவுப் பக்கத்தில் மின்கட்டணம் என்ற வரியைப் பார்ப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். விரிவாக்கம் தேவையே. ஆயினும் மேலே ஒரு தளம் எழுப்பும்போதும், நடுவில் வானம் தெரியும் ஓர் இடத்தை விட்டு வைக்க இயலும். ஹவ்ளு இருக்கும் பள்ளிகள் அதனைப் பேண இயலும். அதன் நீர்மேல் தவழ்ந்து வரும் காற்றுக்குக் கட்டணமில்லை.

அடுத்த ஆண்டு விரிவாக்கப் பணிகளைப் பற்றி ஆலோசனை செய்யும் ஜமாஅத்துகள், வரைபடத்தைப் பொதுக்குழுவில் வைக்கும்போது, “முற்றம் எங்கே?” என்ற ஒரு கேள்வியை எவரேனும் எழுந்து கேட்டால் அதுவே இக்கட்டுரையின் பயன். வீடு கட்டும் சகோதரர் தம் பொறியாளரிடம் அதே கேள்வியைக் கேட்பாராயின், வளைவும் சிவப்பு ஓடும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர் வீட்டில் இருப்போர் கோடையிலும் நிம்மதியாக உறங்குவர், இன்ஷா அல்லாஹ்.